கையிலே எழுத்துச் சொன்ன ஆசிரியை: ஆனி சல்லிவன்



பரிசளிப்பு விழா என்றாலே நமக்கெல்லாம் ஒரு பூரிப்பு. பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை மேடையேறுகிறான். கோப்பையை வாங்குகிறான். கீழே உட்கார்ந்திருக்கும் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் யார் யார் நின்றார்கள் என்று எந்தக் கோப்பையிலும் பொறித்திருப்பதில்லை. கோப்பையில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

அப்படிப் பெயர் பொறிக்கப்படாத ஒருவரின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஹெலன் கெல்லர் என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கண்ணும் தெரியாமல், காதும் கேளாமல், பட்டம் பெற்று, நூல்கள் எழுதி, உலகமெல்லாம் சுற்றி வந்த பெண்மணி அவர். அவருக்குப் பின்னால் ஓராண்டு ஈராண்டு அல்ல, 49 ஆண்டுகள் நின்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆசிரியை ஆனி சல்லிவன் அம்மையார்.

பெரிய இடத்துப் பெண்ணாக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். 14 வயது வரையில் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர் அவர். தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர். அவருக்கே கண் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவர் எப்படி ஆசிரியையானார்? கேளுங்கள்.

கப்பலேறி வந்த குடும்பம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற சிற்றூரில் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஆனி பிறந்தாள். அவளுடைய தாய் தந்தையர் அயர்லாந்து நாட்டுப் பஞ்சத்தால் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள். அப்படி வந்து இறங்கிய குடும்பத்தின் நிலைமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தந்தை பண்ணைக் கூலி. கையில் வந்த காசெல்லாம் குடியில் போயிற்று. தாய்க்குக் காசநோய்.

ஆனிக்கு ஐந்து வயது இருக்கும்போது கண்ணில் டிரக்கோமா என்னும் நோய் கண்டது. இது ஒட்டிக்கொள்ளும் நோய். அழுக்குக் கையாலும், ஒருவர் முகம் துடைத்த துணியை இன்னொருவர் எடுத்துத் துடைப்பதாலும், கண்ணில் மொய்க்கும் ஈக்களாலும் பரவும். இமையின் உட்புறம் புண்ணாகித் தழும்பேறும். பிறகு இமை மயிர் உள்நோக்கித் திரும்பிக் கருவிழியை உராய்ந்து உராய்ந்து பார்வையைக் கெடுத்துவிடும். முகம் கழுவும் தண்ணீராலும், இன்றுள்ள மருந்துகளாலும் இதைத் தடுக்கலாம். அன்றைக்கு அந்த ஏழைக் குடிசைக்கு இரண்டும் எட்டவில்லை.

1874ஆம் ஆண்டில் தாய் மறைந்தாள். தகப்பன் பிள்ளைகளைக் கைவிட்டுப் போய்விட்டான். தங்கையை உறவினர் எடுத்துக் கொண்டார்கள். மிச்சம் இருந்தது கண் தெரியாத ஆனியும், இடுப்பில் காசநோய் கண்டு ஊன்றுகோலோடு நொண்டி நடந்த தம்பி ஜிம்மியும். வேலைக்கு உதவாத பிள்ளைகளை யார் வைத்துக் கொள்வார்கள்? 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இருவரையும் டூக்ஸ்பெரி என்ற ஊரிலிருந்த அரசாங்க ஏழைகள் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனிக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை.

அந்த விடுதியில் பைத்தியம் பிடித்தவர்களும், தீரா நோயாளிகளும், போக்கிடம் இல்லாத கிழவிகளும் ஒன்றாகக் கிடந்தார்கள். தம்பியை ஆண்கள் பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்றதும் ஆனி கத்திக் கதறி ஆர்ப்பாட்டம் செய்தாள். சரி போகட்டும் என்று இருவரையும் பெண்கள் பக்கமே விட்டார்கள். மூன்று மாதந்தான். ஒரு நாள் விழித்துப் பார்க்கிறாள், பக்கத்தில் தம்பியின் கட்டில் இல்லை. தட்டுத் தடவிப் பிணம் வைக்கும் அறைக்குப் போகிறாள். கை கட்டிலில் பட்டது. தம்பியின் உடம்பு அதன்மேல் கிடந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஜிம்மி ஏன் செத்தான்? நோய் மட்டுமா காரணம்? அவனால் யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டியதும் ஒரு காரணமில்லையா? இந்த வடு ஆனியின் மனத்தில் கடைசிவரை ஆறவில்லை.

கேட்டவளுக்குக் கதவு திறந்தது

கண்ணில்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்று அந்த விடுதியில் யாரோ ஒருவர் ஆனியின் காதில் போட்டார். அன்று முதல் அவளுக்கு அதே நினைப்புத்தான். 1880ஆம் ஆண்டில், விடுதியைச் சோதனை பார்க்க ஓர் அதிகாரிகள் குழு வந்தது. ஃபிராங்க் சான்பார்ன் என்பவர் அதன் தலைவர். ஆனி அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே ஒவ்வோர் அறையாக நடந்தாள். எந்த ஆள் தலைவர் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்தால்தானே! அவர்கள் புறப்படும் நேரத்தில் கூட்டத்துக்குள்ளே பாய்ந்து, பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கூவி அழுதாள்.

அந்தக் கூவல் வீண்போகவில்லை. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். வயது 14. தலைவாரச் சீப்பு இல்லை, இரவில் உடுத்த உடை இல்லை. எழுத்துத் தெரியாததால் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். ஆசிரியர்களை எதிர்த்துப் பேசுவாள். வெளியே அனுப்பிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. ஆனால் பொறுமையுள்ள சில ஆசிரியைகள் அவளைக் கைவிடவில்லை. நடுவில் கண்ணில் அறுவை செய்து ஓரளவு பார்வையும் திரும்பியது. 1886ஆம் ஆண்டில் வகுப்பிலேயே முதல் மாணவியாகத் தேறி, விடை பெறும் உரையையும் அவளே ஆற்றினாள். ஆறே ஆண்டுகள்தான்! மாணவச் செல்வங்களே, தாமதமாகத் தொடங்கினோமே என்று மலைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற வயது முதிர்ந்த பெண்மணி வசித்து வந்தார். கண், காது இரண்டும் இல்லாதவர். அமெரிக்காவில் அந்த நிலையில் முதன்முதலாக மொழி கற்றவர் என்று பெயர் பெற்றவர். அவரோடு பேச வேண்டுமானால் கையால்தான் பேச வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களை ஒவ்வொரு மாதிரி மடக்க வேண்டும். கையை முட்டி பிடித்தால் ஏ. நான்கு விரலையும் நீட்டிக் கட்டை விரலை உள்ளங்கையில் மடித்தால் பி. கையைப் பிறை நிலா போல வளைத்தால் சி. கேட்பவர் தம் கையைப் பேசுபவர் கைமேல் வைத்துத் தடவி, ஒவ்வோர் எழுத்தாக உணர்ந்து கொள்வார். ஆனி இந்த விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டு, மாலை நேரங்களில் அந்த அம்மையாருக்குப் பேச்சுத் துணையாக இருந்தாள். தனித்திருந்த ஒருத்திக்குச் செய்த இந்தச் சிறு உதவிதான் ஆனியின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

ஐயோ பாவம் என்று கெட்ட பிள்ளை

தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் கெல்லர் என்ற வசதியான குடும்பம். அங்கே 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஹெலன் பிறந்தாள். 19ஆம் மாதத்தில் கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியது என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். ஆனால் குழந்தைக்குக் கண்ணும் போயிற்று, காதும் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

ஹெலன் மந்தமான பிள்ளை அல்ல. தானாகவே பல சைகைகளை உண்டாக்கிக் கொண்டாள். ரொட்டி வேண்டுமென்றால் அறுத்து வெண்ணெய் தடவுவது போலக் காட்டுவாள். அந்த வீட்டுச் சமையற்காரியின் மகள் மார்த்தா என்ற கறுப்பினச் சிறுமிக்கு இந்தச் சைகையெல்லாம் அத்துபடி. இருவரும் சேர்ந்து மாவு பிசைவார்கள், கோழிக்குத் தீனி போடுவார்கள். பெரியவர்களுக்கு விளங்காதது சின்னப் பெண்ணுக்கு விளங்கியது!

ஆனால் மனத்தில் உள்ளதைச் சொல்ல முடியாத கொடுமை வளர வளர அதிகமாயிற்று. சாமான்களை உடைப்பாள். தரையில் புரண்டு கத்துவாள். ஒரு முறை தாயையே அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்து சிரித்தாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்து, எல்லாருடைய தட்டிலும் கையை விட்டு அள்ளித் தின்பாள். யாரும் தடுக்கவில்லை. ஐயோ பாவம், கண்ணில்லாத பிள்ளை, காதில்லாத பிள்ளை, எதையாவது செய்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

தாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. லாரா பிரிட்ஜ்மன் கல்வி கற்ற செய்தியை எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பயண நூலில் படித்திருந்தாள். பெற்றோர் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். கண் திரும்பாது, ஆனால் கல்வி தரலாம் என்றார் அவர். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் காது கேளாதோர் கல்வியில் ஈடுபட்டவர். அவர்தான் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதும்படி வழி காட்டினார். பள்ளித் தலைவர் மைக்கேல் அனாக்னோஸ் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆசிரியைதான் நம் ஆனி. அதற்குமுன் லாராவுக்குப் பாடம் சொன்ன டாக்டர் ஹோவின் குறிப்புகளையெல்லாம், நோகும் கண்ணோடு, மாதக் கணக்கில் படித்துத் தயாரானார்.

பொம்மையும் தண்ணீரும்

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஆனி அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஆசிரியைக்கு 20 வயது. மாணவிக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. பெர்க்கின்ஸ் பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய பொம்மையைக் கையில் கொடுத்து, பொம்மை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை டி, ஓ, எல், எல் என்று ஹெலனின் கையிலே விரலால் எழுதினார். பிள்ளை அதே மாதிரி விரலை மடக்கிக் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்தாளே தவிர, அது ஒரு பொருளுக்குப் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. பொருளுக்குப் பெயர் உண்டு என்பதே தெரியாதபோது, பாவம், அவள் என்ன செய்வாள்?

வந்த சில நாளிலேயே ஹெலன் ஆசிரியையையும் மாடியறையில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டாள். தகப்பனார் ஏணி வைத்துச் சன்னல் வழியாக ஆசிரியையை இறக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் ஒரே ரகளை. ஆனியின் தட்டில் ஹெலன் கையை விட்டாள். ஆனி விடவில்லை. வீட்டார் மனம் பொறுக்காமல் எழுந்து போய்விட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. கிள்ளினாள், உதைத்தாள், கரண்டியைத் தூக்கி எறிந்தாள். எத்தனை முறை எறிந்தாலும் ஆனி அவளையே எடுக்க வைத்தார். வெகு நேரம் கழித்து, ஹெலன் தன் தட்டில் இருந்ததைக் கரண்டியால் சாப்பிட்டாள், கைத்துணியையும் மடித்து வைத்தாள். ஆனி தம் அறைக்குப் போய் படுக்கையில் விழுந்து அழுதார்.

இன்றைய ஆசிரியர்கள் பிள்ளையோடு இப்படி மல்லுக்கு நிற்கமாட்டார்கள். வேறு வழிகள் இப்போது உண்டு. ஆனால் ஆனி கண்டறிந்த உண்மை இன்றும் உண்மைதான். இந்தப் பிள்ளையாலும் முடியும் என்று அந்த வீட்டில் நினைத்தவர் அவர் ஒருவர்தான். இரக்கப்பட்ட மற்றவர்கள் எல்லாரும், முடியாது என்றுதான் உள்ளுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

வீட்டிலே வைத்துப் பாடம் நடக்காது என்று கண்ட ஆனி, பெற்றோரிடம் கேட்டுப் பக்கத்திலிருந்த சிறு தோட்ட வீட்டுக்கு ஹெலனைக் கொண்டுபோனார். இரண்டு வாரம் இருவரும் அங்கே தனியாக இருந்தார்கள். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள், ஆசிரியையின் மடியில் உட்காரவும் இசைந்தாள். ஒரு நாள் தந்தை அவர்களுடைய வீட்டு நாயைக் கொண்டுவந்தார். ஹெலன் அதைக் கட்டிப்பிடித்துக் கொண்டாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? நாயின் காலைப் பிடித்து, அதன் நகங்களை மடக்கி, பொம்மை என்ற சொல்லை எழுதிக் காட்ட முயன்றாள். தனக்குப் பொருள் விளங்காத பாடத்தை நாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறாள்! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் உள்ளே ஒரு ஆசிரியையே அன்று முளைவிட்டுவிட்டாள்.

1887ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள். குவளை என்ற சொல்லையும் தண்ணீர் என்ற சொல்லையும் ஹெலன் குழப்பிக் கொண்டேயிருந்தாள். ஆனி விடாமல் சொல்லவும், ஆத்திரத்தில் புதுப் பொம்மையைத் தரையில் அடித்து நொறுக்கினாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனி உடைந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஹெலனை வெளியே கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே யாரோ குழாயடித்துக் கொண்டிருந்தார்கள். ஹெலனின் ஒரு கையைக் குழாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தார். குளிர்ந்த தண்ணீர் அந்தக் கையில் கொட்டியது. மறு கையில் வாட்டர் என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக எழுதினார்.

ஹெலன் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ஓர் ஒளி. இந்தக் கையில் ஓடுகிறதே குளிர்ச்சியாக, அதன் பெயர்தான் அந்தக் கையில் எழுதப்படுகிறது! உடனே குனிந்து தரையைத் தொட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். குழாயைத் தொட்டாள், கேட்டாள். திரும்பி ஆனியைத் தொட்டுக் கேட்டாள். ஆசிரியை என்று எழுதினார் ஆனி. அன்று முதல் சாகும் வரையில் ஹெலனுக்கு அவர் பெயர் அதுதான். சில மணி நேரத்தில் முப்பது சொற்கள் அவளுக்கு வந்துவிட்டன.

வீட்டுக்குள் வந்ததும் உடைந்த பொம்மை நினைவுக்கு வந்தது. துண்டுகளைத் தடவி எடுத்து ஒட்ட வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. தான் செய்த தப்பை எண்ணி அவள் அழுதது அதுதான் முதல் முறை. காலையில் உடைத்தபோது வராத வருத்தம் மாலையில் ஏன் வந்தது? இடையில் மொழி வந்துவிட்டது. மொழி வந்ததும் பாசமும் வருத்தமும் கூடவே வந்துவிட்டன. தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர்களே, மொழி என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமா? நீங்களே சொல்லுங்கள்.

பாடம் சொன்ன விதம்

ஹெலனுக்கு 15 மாதக் குழந்தையாக ஓர் உறவினர் பிள்ளை இருந்தது. அது பேசக் கற்பதை ஆனி கூர்ந்து பார்த்தார். தாய் குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லாகவா பாடம் நடத்துகிறாள்? இல்லையே. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள், குழந்தை தானே பிடித்துக் கொள்கிறது. அதைப் போலவே ஹெலனின் கையில் நாள் முழுவதும் வாக்கியமாகப் பேச ஆரம்பித்தார். ஆகஸ்டு மாத முடிவில் அறுநூறுக்கு மேற்பட்ட சொற்கள் ஹெலனுக்குத் தெரிந்தன.

வகுப்பறை பெரும்பாலும் மரத்தடிதான். மேடெழுத்தில் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பொருள்களின் மேலேயே வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார். டென்னசி ஆற்றங்கரையில் மண்ணால் மலையும் தீவும் அணையும் கட்டிப் பூகோளம் நடந்தது. மணி கோத்துக் கணக்கு நடந்தது. ஒரு நாள் மணி கோக்கையில் தப்பு வந்தது. ஹெலன் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். அந்த நேரம் பார்த்து ஆனி அவள் நெற்றியைத் தொட்டு, நினைத்தல் என்ற சொல்லைக் கையில் எழுதினார். தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றுக்கும் பெயர் உண்டு என்று அப்போது தெரிந்தது.

1890ஆம் ஆண்டில் சாரா ஃபுல்லர் என்ற ஆசிரியையிடம் ஹெலன் வாய்ப்பேச்சுப் பழகினாள். பேசுகிறவர் முகத்தில் விரல் வைத்து, உதடும் தொண்டையும் அசைவதை உணர்ந்து, அதே போலச் செய்ய வேண்டும். ஆனியோடு ஆண்டுக் கணக்கில் பயின்றும், அவள் பேச்சு அன்னியருக்குத் தெளிவாக விளங்கவில்லை. எல்லா முயற்சியும் முழு வெற்றி தராது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சோதனைகளும் வந்தன. ஹெலன் எழுதி அனுப்பிய ஒரு சிறு கதை, மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதிய கதையை ஒத்திருந்தது. எப்போதோ கையில் எழுதிக் கேட்டது, மறந்துபோய், தன் கதை போலவே மனத்தில் எழுந்துவிட்டது. 1892ஆம் ஆண்டில், 11 வயதுப் பிள்ளையை, ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டு, பெர்க்கின்ஸ் பள்ளியில் எட்டுப் பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அந்தப் புண் வெகு நாள் ஆறவில்லை. 1897ஆம் ஆண்டில் ஹெலன் படித்த பள்ளியின் தலைவர், ஆசிரியை பிள்ளையை அளவுக்கு மீறி வாட்டுகிறார் என்று சொல்லி இருவரையும் பிரிக்கப் பார்த்தார். தாய் நேரில் வந்து பார்த்து, பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஒரு பட்டம், இரண்டு பேர் உழைப்பு

1900ஆம் ஆண்டில் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர் பேசப் பேச, ஆனி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் எழுதிக் கொண்டேயிருந்தார். வேண்டிய நூல்களில் மிகச் சிலவே புள்ளி எழுத்தில் கிடைத்தன. மீதியை எல்லாம் ஆனியே படித்துக் கையில் எழுத வேண்டும். நாளுக்குப் பல மணி நேரம். ஏற்கனவே புண்பட்ட கண்கள்! மருத்துவர் கண்டித்தார். அம்மையார் நிறுத்தவில்லை. 1904ஆம் ஆண்டில் ஹெலன் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இல்லாத ஒருவர் கல்லூரிப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. மேடையில் ஆனியும் உடன் இருந்தார். பட்டத்தில் ஒரு பெயர்தான் இருந்தது.

1905ஆம் ஆண்டில், ஹெலனின் வரலாற்று நூலுக்கு உதவிய ஜான் மேசி என்பவரை ஆனி மணந்தார். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. பணமுடை வேறு. ஊர் ஊராகச் சொற்பொழிவு, பிறகு நாடக மேடைகளில் நிகழ்ச்சி என்று இருவரும் உழைத்துப் பிழைத்தார்கள். 1914ஆம் ஆண்டு முதல் பாலி தாம்சன் என்ற பெண்மணி உதவிக்கு வந்தார்.

ஹெலன் தமக்காக மட்டும் வாழவில்லை. பிரசவ நேரத்தில் நோய் தொற்றிக் குழந்தைகள் குருடாவதைப் பற்றி, வெளியே பேசவே கூசிய அக்காலத்தில், 1907ஆம் ஆண்டில் பெண்கள் பத்திரிகையில் எழுதினார். பிறந்தவுடன் கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்து அந்தக் குருட்டைத் தடுக்கும் என்று எடுத்துச் சொன்னார். 1924ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறநிறுவனத்துக்காக இருவரும் நாடெங்கும் போய் நிதி திரட்டினார்கள்.

ஆனி அம்மையாரின் பார்வை கடைசிக் காலத்தில் அறவே போய்விட்டது. 1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், நியூயார்க்கில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்தில், தம் எழுபதாவது வயதில் காலமானார். அப்போது ஹெலன் அவர் கையைப் பிடித்தபடி இருந்தார். எந்தக் கை வழியாக உலகம் வந்ததோ அந்தக் கை! வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அம்மையாரின் சாம்பல் வைக்கப்பட்டது. ஹெலன் அத்தோடு முடங்கிவிடவில்லை. பல நாடுகளுக்குப் போனார், 1955ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டில் தம் ஆசிரியையைப் பற்றி ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். 1968ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மறைந்து, ஆசிரியைக்குப் பக்கத்திலேயே இடம் பெற்றார்.

நாம் செய்யக்கூடியது

வாசகப் பெருமக்களே, கதை முடிந்தது. ஆனால் நம் கடமை முடியவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும், புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் படிக்கிற பிள்ளையையும் சில வீடுகளில் திமிர் என்றும் மக்கு என்றும் திட்டிவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோளாறு உறுதியானால் ஊரார் என்ன சொல்வார்களோ என்று மறைக்காதீர்கள். சமூக நல இலாகாவில் பதிந்து, கிடைக்கிற உதவியைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதால்தான் ஆனிக்குக் கதவு திறந்தது. நம் நாட்டிலேயே பார்வையற்றவர்களுக்கு 1926ஆம் ஆண்டிலும், காது கேளாத பிள்ளைகளுக்கு 1954ஆம் ஆண்டிலும் பள்ளிகள் தோன்றிவிட்டன.

வீட்டிலே பாட்டிக்குக் கண் மங்கினால், பக்கத்தில் போகும்போது நீங்கள் யார் என்று சொல்லுங்கள், போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக் கொள்ளச் செய்யுங்கள். நாற்காலி, பாயை எல்லாம் கேட்காமல் இடம் மாற்றாதீர்கள். தாத்தாவுக்குக் காது மந்தமானால், பின்னாலிருந்து கத்தாதீர்கள். முன்னால் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நின்று, நிதானமாகப் பேசுங்கள். மருத்துவமனையில் அவரைப் பற்றிய கேள்வியை உங்களிடம் கேட்டால், அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, ஐயோ பாவம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக் கொள்ளாதீர்கள். அந்தச் சொல் டூக்ஸ்பெரியில் ஜிம்மியைக் காப்பாற்றவில்லை. டஸ்கம்பியாவில் ஹெலனுக்கு ஓர் எழுத்தும் கற்றுத் தரவில்லை. உன்னாலும் முடியும் என்று நம்பி, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்த ஒருத்திதான் கற்றுத் தந்தாள்.

இன்று மேடையில் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே, உங்களுக்கு எம் வாழ்த்து. வீட்டுக்குப் போனதும் அந்தக் கோப்பையை ஒரு முறை, உங்களுக்குப் பின்னால் நின்றவர் கையில் கொடுங்கள். பெயர் பொறிக்க இடமில்லாவிட்டாலும், அவர் தடவிப் பார்க்கட்டும்.